கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

1863-ம் வருடம், டிசம்பர் மாதம். இங்கிலாந்துக்குத் தெற்கே ஐல் ஆஃப் வைட் என்றொரு தீவு. அங்கே ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடற்கரை ஊரில், 48 வயதுப் பெண்மணி ஒருவர் வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் இலங்கையில் உள்ள காப்பித் தோட்டங்களைப் பார்த்துவரப் போயிருக்கிறார். ஒரே மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. 'அம்மா தனியா இருந்து என்ன பண்ணுவாங்க, பாவம்' என்று அந்த மகளும் மருமகனும் யோசித்து, பொழுதுபோக்காக இருக்கட்டுமே என ஒரு பரிசு வாங்கித் தருகிறார்கள்.

அது ஒரு கேமரா.

இன்றைக்கு நாம் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, 'சும்மா இருக்கும்போது ஏதாவது பாரும்மா' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். ஆனால், அந்த அம்மா அதை வைத்துப் பொழுதைப் போக்கவில்லை. வீட்டில் நிலக்கரி கொட்டி வைத்திருந்த அறையைக் காலிசெய்து இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகையிலிருந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டு, அதை ஸ்டூடியோ ஆக்கினார். அடுத்த பன்னிரண்டு வருடங்களில் அவர் எடுத்தவை, புகைப்படம் என்பதும் ஓவியம்போல ஒரு கலைதான் என்று உலகம் ஒப்புக்கொள்ளக் காரணமான படங்களில் சேர்ந்தன.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரான். பெயரிலேயே கேமரா ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். தற்செயல்தான், கணவர் வீட்டுப் பெயர் அது.

கேமரா என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சமாச்சாரத்தை நினைத்துவிடாதீர்கள். பெரிய மரப்பெட்டி, பித்தளைக் குழாயில் லென்ஸ், அதைத் தாங்க ஒரு முக்காலி, கூடவே வரிசையாக ரசாயனப் புட்டிகள். ஃபிலிம் என்பதே கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்கிற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, மேடு பள்ளமில்லாமல் பரவவிட வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் சொருகிப் படம் எடுத்து, அதே ஈரத்தோடு இருட்டறைக்கு ஓடி டெவலப் செய்ய வேண்டும். ஒரு தூசி விழுந்தால் போச்சு. விரல் பட்டால் போச்சு. கை, உடுப்பு எல்லாம் கறுப்புக் கறையாகிவிடும்.

விரல் பட்ட கதையும் உண்டு. உள்ளூர் விவசாயி ஒருவருக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காரவைத்து, முதன்முதலாக ஒரு படம் எடுத்தார் ஜூலியா. சந்தோஷத்தில் தகட்டின் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கையால் தடவிவிட, விவசாயி மொத்தமாக அழிந்துபோனார். இதை எழுதி வைத்திருப்பவர் அவரேதான்.

1864 ஜனவரி கடைசியில் ஆனி என்ற சிறுமியை உட்காரவைத்தார். ஆனி சிரிக்காமல், அசையாமல் இருந்தாள். படம் விழுந்தது. வீடு முழுக்க ஓடி ஓடி அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப் பரிசுப் பொருள் தேடியிருக்கிறார் ஜூலியா, படத்தை எடுத்தது தான் அல்ல, அந்தக் குழந்தைதான் என்பதுபோல. அன்றைக்கே பிரின்ட் போட்டு, சட்டம் மாட்டி, குழந்தையின் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். 'என் முதல் வெற்றி' என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதினார். கேமரா கைக்கு வந்து அப்போது ஒரு மாதம் சொச்சம்தான்.

இவருடைய கதை தொடங்குவது இங்கிலாந்தில் அல்ல, நம் கல்கத்தாவில். 1815-ல் அங்கே பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அம்மா பிரெஞ்சு வம்சாவளி. சகோதரிகள் எல்லோரும் அழகிகள் என்று கல்கத்தாவிலும் லண்டனிலும் பேசிக்கொள்வார்கள். ஜூலியாவை மட்டும் 'திறமைசாலி' என்பார்கள். ஒரு வீட்டில் நான்கைந்து பெண்கள் இருந்து, ஒருத்தியைப் பார்த்து மட்டும் 'இவ நல்லா படிப்பா' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் தெரியாதா? வாழ்நாள் முழுக்க அழகு, அழகு என்று அவர் தேடித் திரிந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

உடம்பு சரியில்லாமல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு ஓய்வெடுக்கப் போன இடத்தில், 1836-ல் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் ஜான் ஹெர்ஷல். வானியல் விஞ்ஞானி, புகைப்படக் கலைக்கும் பெரிய உபகாரி. 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்று நாம் சொல்கிறோமே, புகைப்படத்தில் அந்தச் சொற்களைக் கொண்டுவந்தவர் அவர்தான். கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்கு 1842-லேயே புகைப்படங்களைப் பற்றி எழுதி, மாதிரிகளும் அனுப்பினார். இன்னொருவர் சார்லஸ் ஹே கேமரான். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-ல் கல்கத்தாவில் இவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆறு பிள்ளைகள்.

இந்த சார்லஸ் நமக்கும் கொஞ்சம் சம்பந்தப்பட்டவர். இந்தியாவின் முதல் சட்ட ஆணையத்தில் மெக்காலேயோடு உறுப்பினராக இருந்தவர். அதற்கும் முன்னால் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் சீர்திருத்த வந்த கோல்புரூக்-கேமரான் ஆணையத்தின் 'கேமரான்' இவரே. இலங்கையில் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடமாக இருக்கும். அந்தத் தீவின் மேல் அவருக்குத் தீராத ஆசை. அங்கே நிறைய நிலம் வாங்கிப் போட்டார். பின்னாளில் ஃப்ரெஷ்வாட்டரில் வாங்கிய வீட்டுக்கே மலைநாட்டுத் தோட்டத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். 'டிம்போலா'. ஆமாம், இன்றைக்கு டீத்தூள் பாக்கெட்டில் நாம் பார்க்கும் அதே டிம்புள்ள.

ஃப்ரெஷ்வாட்டரில் அடுத்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? கவிஞர் டென்னிசன். அவரைப் பார்க்க இங்கிலாந்தின் பெரிய தலைகள் எல்லாம் வரும். வந்த தலைகளை ஜூலியா விடமாட்டார். கோழிக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துவிடுவார். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ வந்தபோது டென்னிசனே அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அந்த அம்மா சொல்கிறபடியெல்லாம் கேட்டுவிடுங்கள் என்று எச்சரித்துவிட்டு நகர்ந்தாராம்.

எச்சரிக்கை நியாயமானதுதான். ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கண் இமைத்தால் திட்டு. தலையைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வி அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் சாதாரணம். ஜூலியாவோ ஆட்களை அப்படிக் கவ்வியில் மாட்டி விறைப்பாக நிறுத்த விரும்பவில்லை. ஆகவே, முகம் லேசாக அசையும். அந்த அசைவு படத்தில் விழும். மூச்சு விடுகிற முகம் மாதிரி இருக்கும்.

ஃபோகஸ் விஷயத்தில் அவர் சொன்ன விளக்கம் இன்னும் ருசியானது. லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது, கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள் அதற்கு மேலும் திருப்பி, மயிரிழை எல்லாம் தெரிகிற இடத்துக்குப் போவார்கள். இவர் போகமாட்டார்.

அன்றைய புகைப்பட வித்தகர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1865-ல் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை இவருடைய படங்களை 'ஃபோகஸ் இல்லாத படங்கள்' என்று எழுதியது. துணிச்சல் இருக்கிறது, மற்றதெல்லாம் கோட்டை விட்டாயிற்று என்கிற தொனி. தகட்டில் கீறல், ஓரத்தில் கறை, எங்கோ ஒரு விரல் ரேகை என்று குறைகளை எண்ணினார்கள். தொழில் தெரியாத பொம்பளை என்பதுதான் உள்ளே இருந்த பேச்சு. ஜூலியா ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது எனக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் படங்களைக் காப்பிரைட் பதிவுசெய்தார், லண்டனில் ஒரு பெரிய படக்கடை மூலம் விற்றார், பெர்லின் கண்காட்சிக்கு அனுப்பிப் பதக்கமும் வாங்கினார்.

இன்றைக்கு உங்கள் போனில் 'போர்ட்ரெய்ட் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முகம் மட்டும் நன்றாகத் தெரிய, சுற்றிலும் மங்கலாக்கித் தருகிறது. அந்த மங்கலுக்காகத்தான் போனுக்கு இத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அவரை அன்று திட்டியதும் மங்கலுக்காகத்தான்.

அவருடைய படங்களில் என்னை விடாமல் பிடித்துவைப்பது 1867-ல் எடுத்த ஹெர்ஷல் படம். சாமான்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கென்ட்டில் இருந்த ஹெர்ஷல் வீட்டுக்கே போனார். 75 வயதுக் கிழவரிடம் தலைக்குக் குளிக்கச் சொன்னார். வெள்ளை முடி ஒளிவட்டம் மாதிரி பறந்து நிற்க வேண்டும் என்பதற்காக! பின்னால் கறுப்பு, உடம்பில் கறுப்புத் துணி. இருட்டிலிருந்து ஒரு முகம் மட்டும் மிதந்து வருகிறது. வாழ்நாள் முழுக்க நட்சத்திரங்களைப் பார்த்த கண்கள், களைத்துப்போய், ஈரமாக. அதே வருடம் எழுத்தாளர் கார்லைலை எடுத்தார். படத்தைப் பார்த்த கார்லைல், பயங்கர அவலட்சணம், ஆனாலும் என் சாயல் இருக்கிறது என்கிற மாதிரி பதில் எழுதினார். டென்னிசன் தன் படத்துக்குத் தானே 'அழுக்குச் சாமியார்' என்று பெயர் வைத்துக்கொண்டார். 1868 கோடையில் ஃப்ரெஷ்வாட்டரில் வந்து தங்கிய டார்வின் மட்டும், தன்னை எடுத்த எல்லாப் படங்களிலும் இதுதான் பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

பெரிய மனிதர்கள் எப்போதும் கிடைப்பார்களா? மற்ற நாட்களில் வீட்டில் வேலை செய்தவர்கள்தான் மாடல்கள். மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண்ணை மாதாவாக அத்தனை தடவை உட்காரவைத்தார். ஊரில் அந்தப் பெண்ணுக்கு 'மேரி மடோனா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொரு மேரியின் கதை சினிமாவுக்கு ஆகும். மேரி ரயன். லண்டனுக்குப் பக்கத்தில் அம்மாவோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. ஜூலியா வீட்டுக்கு அழைத்துவந்து படிக்கவைத்து, வீட்டு வேலைக்கும் படத்துக்கும் வைத்துக்கொண்டார். 1865-ல் லண்டனில் நடந்த கண்காட்சியில் ஓர் இளைஞர் அந்தப் படங்களையும், அங்கேயே நின்றிருந்த மேரியையும் பார்த்தார். 1867-ல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அந்த மாப்பிள்ளை இந்தியா வந்து ஐ.சி.எஸ். அதிகாரியாக உயர்ந்து, அசாமின் தலைமை ஆணையராக இருந்து, 1904-ல் பம்பாயில் நடந்த இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்கே தலைமை வகித்தார். சர் ஹென்றி காட்டன். நம்ப முடிகிறதா?

வீட்டில் இத்தனை கூத்துக்கும் சார்லஸ் எப்படி ஈடுகொடுத்தார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தகட்டையும் ஈரம் சொட்டச் சொட்ட சாப்பாட்டு அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடி முதலில் கணவரிடம்தான் காட்டுவார் ஜூலியா. மேஜை விரிப்பெல்லாம் வெள்ளி நைட்ரேட் கறை. வேறு வீடாக இருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த மனிதர் பார்த்து ரசித்துவிட்டு, மறுபடி வெள்ளைத் தாடியோடு மாடலாகவும் உட்கார்ந்தார். டென்னிசனின் ஆர்தர் ராஜா கவிதைகளுக்கு ஜூலியா எடுத்த படங்களில் மந்திரவாதி மெர்லின் அவர்தான்.

லண்டனில் இன்றைக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று அழைக்கப்படும் மியூசியம் 1865-லேயே இவர் படங்களை வாங்கியது. 1868-ல் ஸ்டூடியோவாகப் பயன்படுத்திக்கொள்ள இரண்டு அறைகளும் கொடுத்தது. புகழ் இருந்தது. பணம்தான் இல்லை. படங்கள் விற்றது செலவுக்கே காணவில்லை. இலங்கையில் 1869-லிருந்து காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தின்ன ஆரம்பித்திருந்தது. 1873-ல் பெரிய அடி. கேமரா வாங்கிக் கொடுத்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளைகள் சிலர் இலங்கையில். கணவருக்கோ அந்தத் தீவிலேயே கண் மூட வேண்டும் என்ற ஏக்கம்.

1875-ல் கிளம்பிவிட்டார்கள். அவருக்கு 80, இவருக்கு 60. ஒரு பசு மாடு, இரண்டு சவப்பெட்டிகளோடு கப்பல் ஏறியதாகச் சொல்வார்கள். போகிற இடத்தில் நல்ல சவப்பெட்டி கிடைக்காவிட்டால்? அதுவரை சும்மா இருப்பானேன் என்று அவற்றுக்குள் பீங்கான் சாமான்களை அடுக்கிக்கொண்டார்களாம். ஜூலியாவின் தங்கை மகளுக்கு மகள்தான் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப். இந்தப் பயணத்தை வைத்து அவர் 'ஃப்ரெஷ்வாட்டர்' என்று ஒரு நகைச்சுவை நாடகமே எழுதினார்.

களுத்துறையில் கடலோரமாக மகன் வீடு. மலைநாட்டில் தோட்டங்கள். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? நம்மவர்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் பின்னால் போய், மன்னார் கரையேறி, காட்டு வழியே நடந்தே மலை ஏறியவர்கள். வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் விழுந்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள். லயத்து வீடுகளில் இருந்து இவர்களில் சிலரும், களுத்துறைப் பக்கத்து ஏழைக் குடியானவர்களும் ஜூலியாவின் கேமரா முன் வந்து நின்றார்கள்.

இங்கிலாந்தில் 1,200 படங்கள் வரை எடுத்தவர், இலங்கையில் எடுத்ததில் நம்மிடம் மிஞ்சியிருப்பது முப்பதுகூட இல்லை. வெயிலில் கொலோடியன் சட்டென்று காய்ந்துவிடும். வாங்குவதற்கு ஆளும் கிடையாது. ஆனாலும் விட்டுவிடவில்லை. 1877-ல் தாவரங்களை வரைகிற மரியான் நார்த் என்ற ஓவியர் களுத்துறை வீட்டுக்கு வந்தார். முயலும் அணிலும் மைனாவும் ஓடித்திரிகிற வீடு, சுவரெல்லாம் படம், தரையெல்லாம் படம் என்று எழுதியிருக்கிறார். விருந்தாளியையும் விடுவாரா ஜூலியா? 96 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் காஷ்மீர் சால்வையைப் போர்த்தித் தென்னை ஓலைகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

மரியான் நார்த் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். படத்துக்கு வந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு ஜூலியாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள் என்று மகனிடம் அடம்பிடித்தார். அந்த வீட்டில் தோட்டமே இல்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிடமே, அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தப் படங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஃப்ரெஷ்வாட்டர் படங்களில் மாதிரி முகத்துக்கு அத்தனை பக்கத்தில் கேமரா போகவில்லை. ஆனால், அந்த முகங்களில் பணிவு இல்லை. துரைசாணி முன்னால் நிற்கிறோம் என்ற கூச்சம் இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார ஸ்டூடியோக்கள் 'சுதேசிகள்' என்று தலைப்புப் போட்டு, மியூசியத்தில் பூச்சியைக் குத்தி வைக்கிற மாதிரி எடுத்த படங்கள் ஏராளம். அவற்றோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஹெர்ஷலைப் பார்த்த அதே மரியாதையோடுதான் இவர்களையும் பார்த்திருக்கிறார் என்று சொல்ல வாய் வருகிறது.

வருகிறதே தவிர, முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஃப்ரெஷ்வாட்டரில் தட்டுக் கழுவிய பெண்ணுக்கும் படத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பிச்சை எடுத்த பெண்ணுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே படங்களின் தலைப்பு 'பெண், இலங்கை'. 'இளம்பெண், இலங்கை'. 1878-ல் எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று தலைப்பு. அதில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கிறார்கள். சிறுமிக்கு 12 வயது என்றும், முதியவர் தன்னை அவளுடைய அப்பா என்று சொல்வதாகவும், தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார் ஜூலியா. வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார்.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பக்கம் மகனின் தோட்ட வீட்டில் ஜூலியா இறந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து 'அழகு' என்று சொன்னதுதான் கடைசி வார்த்தை என்பார்கள். பொகவந்தலாவையில் செயின்ட் மேரிஸ் சர்ச் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் சார்லஸும் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காப்பி அழிந்து இப்போது சுற்றிலும் தேயிலை. கொழுந்து பறிக்கிறவர்கள் அன்றைக்கு மலை ஏறியவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் பேரப் பிள்ளைகள்.

இந்தப் படங்களைப் பார்க்க லண்டனுக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ போக வேண்டாம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், கெட்டி மியூசியங்களின் இணையதளங்களில் ஜூலியாவின் படங்கள் இருக்கின்றன. போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஹெர்ஷல் வேண்டுமென்றால் 'ஹெர்ஷல்' என்று தேடினால் வந்துவிடுவார். மேரி ஹில்லியரும் பெயரைப் போட்டால் வந்துவிடுவாள். நம் ஆட்களைப் பார்க்க 'இலங்கை' என்றுதான் தேட வேண்டும்.